"வயசுப் பய" என்பதற்கு எந்த விதி, எந்த வயது?

மதுரை செல்லூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். துணிக்கடையில் காவலாளி அவன் பின்னாலேயே நடக்கிறார், ஒரு நாள் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். வங்கியில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீருடையில் நின்றால் டவுன் பஸ் நிற்பதில்லை. நண்பர்களோடு தெருமுனையில் நின்றால் "இங்கிட்டு நிக்காத, அங்கிட்டுப் போ" என்று விரட்டுகிறார்கள். இது பாகுபாடுதானா, நான் பெரிதுபடுத்துகிறேனா, சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்பது கேள்வி.

பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கும் ஒரே வகை இல்லை. பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மறுப்பவரிடம் "எந்த விதி, அதில் எந்த வயது?" என்று கேளுங்கள். உண்மையான வயது வரம்புக்கு ஓர் எண் இருக்கும். ஓட்டுப் போட 18. கியர் வண்டி ஓட்ட 18. டாஸ்மாக்கில் 21. சிகரெட், புகையிலை விற்க 18, பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. தப்பெண்ணத்துக்கு எண் இருக்காது. "இந்த வயசுப் பயலுகள நம்ப முடியாது" என்ற வாக்கியம்தான் இருக்கும். 13-க்கும் அதே வாக்கியம், 19-க்கும் அதே வாக்கியம்.

சினிமா தியேட்டரில் இது தெளிவாகத் தெரியும். 'ஏ' சான்றிதழ் படத்துக்கு 18 வயதுக்குக் கீழ் விடக் கூடாது என்பது சட்டம். இப்போது வரும் 'யுஏ 13+', 'யுஏ 16+' குறிகளோ பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. 'யுஏ 16+' படத்துக்கு 15 வயதுப் பையனை வாசலிலேயே மறித்தால், மறிப்பவர் கையில் விதி இல்லை.

கசப்பான செய்தியையும் முதலிலேயே சொல்லிவிடலாம். வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தனியே தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று எண்ணிச் சொல்கிறது. வயது அந்த வரிசையில் இல்லை. வெளிநாட்டிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. அமெரிக்காவின் 1967-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு வயதுப் பாகுபாட்டுச் சட்டம் 40 வயது நிரம்பியவர்களைத்தான் காக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், கடை, சேவை விஷயத்தில் 18-க்குக் கீழானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அந்த நாட்டில்தான் 2005-இல், இளம் காதுகளுக்கு மட்டும் கேட்கும் கீச்சொலியை எழுப்பி கடைவாசலிலிருந்து பிள்ளைகளை விரட்டும் 'மஸ்கிட்டோ' என்ற கருவி வந்தது. சுமார் 17 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி அது. வயதாக ஆக நம் காது அந்தச் சுருதியை இழந்துவிடுவதால் பெரியவர்களுக்குக் கேட்காது. நம் ஊரில் அந்த வேலையைக் கருவி இல்லாமலே வாயால் செய்துவிடுகிறார்கள்.

அதனால் "வயதுப் பாகுபாடு" என்று தலைப்பிட்டு மனு எழுதினால் அது கிணற்றில் போட்ட கல். ஒவ்வொரு சம்பவத்துக்கும் வேறொரு சட்டத்தின் கைப்பிடியைத் தேட வேண்டும். அப்படிப் பல கைப்பிடிகள் இருக்கின்றன.

முதலில் கடை. காவலாளி கண்காணிப்பதைத் தடுக்க முடியாது, அது கடைக்காரரின் உரிமை. பையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வதும் எல்லாருக்கும் பொதுவென்றால் தவறில்லை. சீருடைக்காரர்களை மட்டும் சொன்னால்தான் கேள்வி. ஆனால் பையைப் பிடுங்கிக் கொட்டவோ, சட்டைப்பையில் கைவிடவோ, கதவைச் சாத்தி உட்கார வைக்கவோ தனியார் காவலாளிக்கு அதிகாரம் இல்லை. வழியை மறித்து நிறுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 126, அடைத்து வைத்தால் 127. பொதுஜனம் ஒருவரைப் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது உண்மைதான். கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்திருக்க வேண்டும், பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே இருக்கின்றன. சந்தேகம் அதற்குப் போதாது.

பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இரண்டே வாக்கியம்: "அண்ணே, எங்க அம்மாவுக்குப் போன் போடுறேன். மேனேஜரைக் கூப்பிடுங்க, அவங்க முன்னாடி பையைக் காட்டுறேன்." குரலை உயர்த்தக் கூடாது, ஓடக் கூடாது. இங்கே பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். அவமானம் தாங்காமல் பிள்ளை ஓடுவான், ஓடியதே சாட்சியாகிவிடும். அல்லது நண்பன் வீடியோ எடுத்து உடனே இன்ஸ்டாவில் ஏற்றுவான். அதன்பின் பேச்சு காவலாளி செய்ததை விட்டு பிள்ளை பேசிய விதத்துக்குத் தாவிவிடும். பதிவு செய்வது நல்லது. அதை வெளியிடாமல் வைத்திருப்பது அதைவிட நல்லது.

கடையின் கேமரா பதிவு பல இடங்களில் 15 முதல் 30 நாளுக்குள் பழையதின் மேல் புதியது எழுதி அழிந்துவிடும். எனவே ஒரு வாரத்துக்குள், தேதி, நேரம், எந்தத் தளம் என்று குறிப்பிட்டு "இந்தப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்" என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சிறார் நுகர்வோருக்காகப் பெற்றோரே புகார்தாரர் ஆகலாம். இந்த வரியைக் கடிதத்தில் சேர்த்தாலே மேலாளரின் தொனி மாறும்.

வங்கி விஷயத்தில் விதி உங்கள் பக்கம். 10 வயதுக்கு மேற்பட்டவர்கள், விரும்பினால், தாங்களே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கிகள் ஜூலை 1-க்குள் தங்கள் விதிகளைத் திருத்திக்கொள்ளச் சொன்னது. எவ்வளவு தொகை வரை, ஏ.டி.எம். கார்டு உண்டா என்பதெல்லாம் அந்தந்த வங்கியின் முடிவு. அஞ்சலகத்திலும் 10 வயது நிரம்பியவர் தன் பெயரில் கணக்கு வைக்கலாம். நடைமுறையில் சிக்கல் வருவது ஆதாரில். 15 வயதில் கைரேகையும் கண்விழியும் புதுப்பிக்க வேண்டும். 17 வரை அதற்குக் கட்டணம் இல்லை. அதைச் செய்யாதவருக்கு விரல் வைத்தால் ஒத்துப்போகாது. கவுண்டரில் இருப்பவர் அதை விளக்காமல் "சின்னப் பையனுக்கு ஆகாது" என்று முடித்துவிடுவார். ஆதாரைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். பிறகும் மறுத்தால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி 30 நாள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் பள்ளியைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. இந்த வயதுக்காரர்கள் அதிகம் அடிபடும் இடம் அதுதான். முடிவெட்டு பற்றிப் பள்ளி விதி வைக்கலாம்; எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தலாம். ஆசிரியரே கத்தரியை எடுத்து பிரார்த்தனைக் கூட்டத்தில் வைத்து வெட்டினால் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது, உடல்மீது கைவைப்பது. 'புள்ளிங்கோ' என்று பட்டம் சூட்டுவதும் மன ரீதியான துன்புறுத்தல்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது என்று பலருக்கும் தெரியும். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிளஸ் ஒன் மாணவனுக்காக அந்தப் பிரிவைக் காட்டி மனு கொடுத்தால் "இது பொருந்தாது" என்று மடித்து வைத்துவிடுவார்கள். 18 வரை பொருந்துவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ தேவையற்ற மன, உடல் வேதனை தந்தாலோ 3 ஆண்டு வரை சிறை. பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்புள்ள நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் 5 ஆண்டு வரை. மனுவில் இந்தப் பிரிவின் எண்ணை எழுதுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் பிள்ளையே நேரடியாகப் பேசலாம். பெரியவர் யாரும் கூட இருக்க வேண்டியதில்லை.

அடுத்து தெருமுனை, அதாவது போலீஸ். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 16 வயதுப் பையன் 110 சிசி வண்டியை ஓட்டி வரும்போது காளவாசலில் நிறுத்தினால் அது பாகுபாடு இல்லை. 16-க்கு அனுமதி 50 சிசி வரைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வயதுப் பாகுபாடு பேச முடியாது.

வண்டி இல்லாமல் சும்மா நின்றவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் கதை வேறு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. எனப்படும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தை நல காவல் அலுவலராக இருக்க வேண்டும்; பிள்ளை அவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டினால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லையென்றால், எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் பதிவுதான். ஸ்டேஷனுக்குப் போகும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது "சார், இங்க குழந்தை நல அலுவலர் யாரு?" என்பதுதான். "எம் பிள்ள அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்று ஆரம்பித்தால் பேச்சு குணச்சித்திரத்துக்குப் போய்விடும், நடைமுறைக்கு வராது.

வயதுக்கு ஆதாரம் கையில் இருக்கட்டும். பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதல் இடம். அது இல்லையென்றால் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு சோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. மீசை அரும்பி உயரமாக வளர்ந்துவிட்ட பையனை "இவனுக்கு 20 இருக்கும்" என்று கண்ணளவில் எழுதிவிடுவது வழக்கம். சான்றிதழின் படம் அம்மா போனிலும் பையன் போனிலும் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சிறாருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அழைக்க 15100.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் "நேத்து நைட்டு சுத்துன பயலுக, பார்த்து வைங்க" என்று கேமரா படம் போடும் பழக்கம் அண்ணா நகர், கே.கே.நகர் பக்கமெல்லாம் பரவிவிட்டது. விசாரணையில் இருக்கும் சிறாரின் முகமோ பெயரோ பள்ளியோ எந்த வழியிலும் வெளியாகக் கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வேலைக்குப் போகும் காலத்தில் இது மிகவும் உதவும்.

இத்தனை சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறதா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். சிறார் மீது பதிவானவை 30,555. சுமார் இருநூறு வழக்கில் ஒன்று. சின்னக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை என்பதால் உண்மை எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம். கூட்டிக்கொண்டாலும் நம் பயத்தின் அளவுக்கு வராது. சந்தேகம் எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழுவதும் இல்லை. அதே 16 வயது, காரில் வந்து இறங்கினால் "தம்பி, என்ன வேணும்?" என்பார்கள். எந்தத் தெரு, எந்தப் பள்ளிச் சீருடை, என்ன சாதி என்று ஊகித்த பிறகுதான் வயது குற்றமாகிறது. இதைச் சொல்லாமல் வயதைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மை.

பெண் பிள்ளைகளுக்கு இதே தப்பெண்ணம் பாதுகாப்பு என்ற வேடத்தில் வரும். 'வயசுப் பய' என்றால் சந்தேகம், 'வயசுப் புள்ள' என்றால் பூட்டு. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அண்ணன் தனியாகப் போய்ப் படிப்பான். ஒரு வயது இளைய தங்கைக்குத் துணை வேண்டும். இதற்குச் சட்டம் கிடையாது, வீட்டில்தான் பேச வேண்டும். எந்த நேரம், எந்த பஸ், திரும்பும்போது யாருக்குப் போன் என்று ஏற்பாடாகப் பேசினால் வழி பிறக்கும். "காலம் கெட்டுக் கிடக்கு" என்று பேசினால் பிறக்காது.

வேலை பற்றியும் ஒரு சொல். முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறவும், விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் மடித்து அடுக்கவும் இந்த வயதுப் பிள்ளைகள் போகிறார்கள். பெரியவர் செய்யும் அதே வேலைக்குப் பாதிக் கூலி. 14 முதல் 18 வரை ஆபத்தில்லாத வேலை செய்யலாம். ஆனால் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது, ஓவர்டைம் கூடாது. இரவு விருந்துப் பந்தி அந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும்.

'சோம்பேறி' என்ற பட்டத்தையும் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம். பருவமடையும் வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராதது பல பிள்ளைகளுக்கு உடம்பின் வேலை. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்தரைக்கு டியூஷன் வைத்தால் கணக்கு உதைக்கும். இதைத் தெரிந்த பிறகும் திட்டுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 'விடலை' என்பது பழந்தமிழில் பாலை நிலத் தலைவனுக்குரிய பெயர், இன்று வசவு. "இளையன் இவன்" என்று எதிரிகள் எள்ளியதை எடுத்துச் சொல்லிக் கொதித்தவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், இந்த ஊர்ப் பாண்டியன். எள்ளல் புதிதல்ல.

கடைசியாக பஸ். இதில் ஒரு வட்டம் சுழல்கிறது. இலவசப் பாஸ் என்றால் கலெக்ஷன் இல்லை, கூட்டம் ஏறினால் சத்தம் என்று ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நிறுத்துவார். பிள்ளைகள் ஓடிப்போய் ஏறுவார்கள். அடுத்த பஸ்ஸில் இரட்டைக் கூட்டம், படியில் தொங்குவார்கள். அந்தப் படம் பேப்பரில் வரும். "பஸ்ல தொங்குற பயலுக" என்ற பெயர் உறுதியாகும். அடுத்த நாள் இன்னொரு ஓட்டுநர் நிறுத்தாமல் போவார்.

இதை உடைக்க, கோபமாக ஒரு மனு கொடுப்பதைவிட பத்துப் பள்ளி நாளுக்கு ஒரு நோட்டில் எழுதுவது பலன் தரும்: தேதி, நிறுத்தத்தின் பெயர், பஸ் வந்த நேரம், தடம் எண், 'டிஎன் 58 என்' என்று தொடங்கும் பதிவெண், எத்தனை பேர் நின்றார்கள், நின்றதா இல்லையா. பதிவெண்ணும் நேரமும் இருந்தால் டிப்போவில் அன்றைய பணிப்பட்டியலை எடுத்து யார் ஓட்டினார் என்று பார்த்துவிட முடியும். "தினமும் நிற்பதில்லை" என்று மொட்டையாக எழுதினால் யாரையும் கேட்க முடியாது. ஒரு பக்க மனு, பின்னால் அந்தப் பட்டியல். ஒரு நகல் கிளை மேலாளருக்கு, ஒன்று தலைமையாசிரியருக்கு, ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு. ஒரு மாதத்தில் அசைவு இல்லையென்றால், அந்த மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேளுங்கள். அந்தச் சட்டம் குடிமகன் என்று மட்டுமே சொல்கிறது, வயது கேட்பதில்லை. மனுவை மகனே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கவுண்டரில் "பெரியவங்க யாரும் வரலையா?" என்று கேட்பார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பதிலை அவன் சொல்லட்டும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் மட்டும் நகராதீர்கள்.